காளீஸ்வரன் வரைந்த கை

"ஏலே காளீஸ்வரா, யாரு கைலே இது? அடுத்த வாரம் எனக்குக் கல்யாணம். என் தோள்ல ஆம்பளக் கைய வரஞ்சு வச்சிருக்கியே, வெளங்குவியா?" பாண்டிச்செல்வி தெருவுக்கே கேட்கக் கத்தினாள்.

காளீஸ்வரன் போன மாதம்தான் எங்கள் தெருவுக்குக் குடிவந்தான். ஆறு நாள் அச்சாபீஸில் பட்டாசு லேபிள் அச்சடிப்பான். ஞாயிறானால் ஆளை எதிரே உட்காரவைத்து வரைந்து பழகும் பெரிய ஓவியர்!

"எதிர்ல இருந்ததத்தான் வரஞ்சேன்க்கா."

அந்தக் கையில் கட்டைவிரல் இல்லை. மூன்று வருசத்துக்கு முன் வெடிவிபத்தில் செத்த அவள் புருசனுக்கும் கிடையாது.

படத்தைக் கிழித்து அவன் மூஞ்சியில் எறிந்தாள். கல்யாணம் முடிந்து ஆலங்குளத்துக்கும் போய்விட்டாள்.

கல்யாணப் போட்டோவை நான் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் இரண்டு கையும் மடியில்தான் இருக்கின்றன. அவள் தோளில் இருக்கும் கைக்குக் கட்டைவிரல் இல்லை.