ஓரத்தில் ஒரு நட்சத்திரக் குறி

தாய்ச்சுங் நகரில் எங்கள் தையல் இயந்திர ஆலை. இறந்துபோன பெய்ஜுவான் அக்காவின் பெயரை ஊழியர் தரவுத்தளத்திலிருந்து நீக்கினேன். நீக்கினால் ஓரத்தில் ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான்; பதிவு உள்ளேயேதான் கிடக்கும். மறுநாள் குறியைக் காணோம். அக்கா பெயரில் அன்றைய வருகையும் ஏறியிருந்தது. மறுபடி நீக்கினேன். மறுபடியும் அதே கதை.

“ஏம்மா ஷூயுன், செத்தவங்களுக்குமா ஆஜர் போடுற?” என்று மேலாளர் லியாவ் எல்லார் முன்னாலும் கேட்டார்.

ஆத்திரத்தில், திரும்ப மீட்கவே முடியாதபடி பதிவை அடியோடு அழித்தேன்.

மறுநாள் காலை அக்காவின் கணவர் தொலைபேசியில் அழைத்தார்.

“காரியமெல்லாம் முடிஞ்ச பிறகும் தினமும் சாப்பாட்டு டப்பாவ எடுத்துக்கிட்டு வேலைக்குக் கிளம்பிருவாம்மா. இன்னிக்கு டப்பா மேசைமேலயே இருக்கு. ஆபீஸ்ல யாராச்சும் அவள எதாச்சும் சொல்லிட்டீங்களா?”