எந்தப் புகையும் ஆகாது

"சட்டிய வெளிய கொண்டு போங்க அண்ணி!"

குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டு ஷைனி கத்தினாள். சாம்பிராணிச் சட்டியோடு வந்த மரிய புஷ்பம் அப்படியே நின்றுவிட்டாள். அவள் ஷைனியின் கணவன் ஜான் பீட்டருக்கு அக்கா. பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டிவிட என்றே ஏலாக்குறிச்சியிலிருந்து நேற்று தா.பழூர் வந்தவள்.

"தலைக்கு ஊத்தின புள்ளைக்குப் புகை காட்டாம தூங்க வெப்பியா? சளி கட்டிக்கும்டி."

"கொறமாசத்துல பொறந்த புள்ள. நுரையீரல் இன்னும் தேறல, எந்தப் புகையும் ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உங்கப்பா இளைப்புல பட்ட பாடு போதாதா? இவளுக்கும் வரணுமா?"

"பெரிய டாக்டரம்மா! கோயில்ல சாமியாரு தூபம் போடுறப்ப என்ன செய்வ? மூக்கப் பொத்திக்கிட்டு ஓடுவியா?"

"ஓடுவேன்."

ஜான் பீட்டர் குறுக்கே வந்தான். "ஷைனி, ஒரு நாளைக்குத்தானே..."

"ஒரு நாளும் கெடையாது. யாரு கோவிச்சுக்கிட்டாலும் சரி."

மரிய புஷ்பம் கொல்லைக்குப் போய்க் கங்கில் தண்ணீர் ஊற்றினாள். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

"அக்காவ வெரட்டியாச்சு. சந்தோஷமா?" என்றான் ஜான் பீட்டர்.

"எம்புள்ள நல்லா மூச்சு விடட்டும். அப்புறந்தான் அக்கா, தங்கச்சி எல்லாம்."

சொல்லிவிட்டாளே தவிர, மதியம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம். மரிய புஷ்பம்தான். கையில் ஒரு பொட்டலம்.

ஷைனி எழுந்து தூளியை மறைத்துக்கொண்டு நின்றாள். "மறுபடியும் என்ன கொண்டாந்திருக்கீங்க? நான் சொன்னா சொன்னதுதான் அண்ணி."

"நீ சொன்னதுதான் சரி. எங்கப்பா மூச்சுக்குத் தவிச்சத நான் பாக்கலையா? கோவத்துல பஸ் ஏறினப்பறந்தான் உறைச்சுது. நகரு."

பொட்டலத்தைப் பிரித்து உதறினாள். கொசுவலை.

"இங்க கெடைக்கல. ஜெயங்கொண்டம் போயி வாங்கிட்டு வரேன்."

"இப்ப எதுக்கு அண்ணி வலை?"

"எந்தப் புகையும் ஆகாதுன்னியே... நேத்து சாயங்காலமே பாத்தேன். தூளிக்கு அடியில குனிஞ்சு பாரு."

சற்றுமுன் ஷைனி தன் கையாலேயே கொளுத்தி வைத்த கொசுவத்தி, அங்கே சுருள் சுருளாகப் புகைந்துகொண்டிருந்தது.