டெய்லர் திருப்பிக் கொடுத்த ட்யூனர்

“இது என் ட்யூனரே இல்லை!”

தலைவர் போட்ட சத்தத்தில் மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள்.

“உங்களோடதுதாங்க. நம்ம பொண்ணு ஒட்டின பூனை ஸ்டிக்கர்கூட அப்படியே இருக்கே.”

“டப்பா என்னுதுதான். ஆனா என்னுது இல்லை.”

“உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?”

தலைவருக்குப் பகலில் மூக்குக் கண்ணாடிக் கடை. சாயங்காலமானால் ஹாம் ரேடியோ. வீட்டிலேயே ரேடியோ வைத்து முகம் தெரியாதவர்களோடு பேசுகிற கூட்டம் அது. அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் இவர். ஞாயிறுதோறும் புதியவர்களுக்கு வகுப்பும் எடுப்பார்.

ட்யூனர் என்றால் மாயாஜாலம் ஒன்றுமில்லை. ரேடியோவுக்கும் மொட்டைமாடி ஆன்டெனாவுக்கும் நடுவில் உட்கார்ந்து, இரண்டையும் ஒத்துப்போக வைக்கிற டப்பா. மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பிள்ளையின் பிழைப்புதான். மூன்று குமிழ்கள், எல்லாம் கையால் திருகுவது. எந்த அலைவரிசைக்கு எந்தக் குமிழ் எங்கே நிற்க வேண்டும் என்று எட்டு வருஷமாக நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

இன்றைக்கு நோட்டில் உள்ளபடி வைத்தால், ஒத்துப்போகவில்லை என்று மீட்டர் முள் எகிறியது. கண்டபடி திருகிப் பார்த்தால், வேறு எங்கேயோ சாதுவாகப் படுத்துக்கொண்டது. அதுவும் முன்னைவிட நன்றாக.

“நல்லாத்தானே வேலை செய்யுது?” என்றாள் மனைவி.

“அதுதான் குழப்பமே!”

“மூணு குமிழுக்கு மூணு மணி நேரமா மல்லுக்கட்டுறீங்க. அடுப்புல இருக்கிற குமிழைத் திருகினா டீயாவது கிடைக்கும்.”

போன மாதம் இந்த ட்யூனரை டெய்லர்தான் இரவல் வாங்கிப் போனார். வகுப்பில் படித்துப் பரீட்சை தேறியவர். ‘இதே மாதிரி ஒண்ணு சொந்தமா செய்யணும்ணே. அளவெடுத்துட்டு ரெண்டு நாள்ல தந்துடறேன்’ என்றவர், பத்து நாள் கழித்துத்தான் கொண்டுவந்து வைத்தார்.

தலைவர் போனைப் போட்டார்.

“உள்ள கை வச்சியா?”

“வச்சேண்ணே.”

“எதுக்கு?”

“சும்மா... பார்த்தேன்.”

தலைவர் மூடியைத் திறந்தார். உள்ளே இருந்த கம்பிச் சுருளும், குமிழைத் திருகினால் அதன் சுற்றுகளைக் கூட்டிக் குறைக்கிற சுவிட்சும் புத்தம் புதுசு. பழையது எங்கே? நல்லதை உருவிக்கொண்டு எதையோ மாட்டியிருக்கிறான். ஆனால் திருடுகிறவன் புதுசாகவா மாட்டுவான்? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. புரியாததால் கோபம் இன்னும் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இருபது பேர் முன்னால் வெடித்துவிட்டார்.

“இரவல் வாங்கின பொருள்ல கைவரிசை காட்டுற ஆளுக்கு நம்ம கூட்டத்துல இடமில்லை. யாரும் இவனுக்கு ஒரு திருகாணிகூடக் கொடுக்காதீங்க!”

டெய்லர் எழுந்தார். தன்னிடம் இருந்த வகுப்பறைச் சாவியை மேஜைமேல் வைத்தார். “வர்றேண்ணே” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தலைவருக்கு அது இன்னும் குழப்பம். இல்லை என்று சண்டை போட வேண்டாமா? இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை டெய்லரின் மனைவி கண்ணாடிக் கடைக்கு வந்தாள். துணிப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். பழைய சுருள், பழைய சுவிட்ச். சுவிட்சின் ஒரு பக்கம் உருகிக் கருகிக் கிடந்தது.

தலைவருக்குப் போன உயிர் வந்தது. “பார்த்தியாம்மா! எரிச்சிட்டு மறைச்சிருக்கான்!”

“இதைப் பத்தியெல்லாம் எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. ஒரே ஒரு சந்தேகம். எங்க வீட்டுல இருக்கறது கேக்குற ரேடியோ மட்டும்தான். பேசுற ரேடியோ அவர் இன்னும் வாங்கலை. கேக்குற ரேடியோவுல மாட்டினா இப்படிக் கருகுமா?”

“கருகாது. பேசுற பட்டனை அழுத்திக்கிட்டே குமிழைத் திருகினாத்தான்...”

வகுப்பில் சொல்கிற வேகத்தில் ஆரம்பித்தவர் பாதியில் நின்றார்.

போன மாதம், யார் அதிகம் பேரோடு பேசுவது என்ற ரேடியோ போட்டி. முடிய இரண்டு நிமிஷம். ஒரு கை பட்டனில், இன்னொரு கை குமிழில். உள்ளே சடசடவென்று ஏதோ கேட்டது. அவசரத்தில் குமிழை அடுத்த எண்ணுக்குத் தள்ளிவிட்டு, அத்தோடு மறந்தும் போனார். டெய்லர் வந்து ட்யூனரை இரவல் கேட்டது மறுநாள் காலையில்.

“அப்போ அந்தப் புதுசு?” தலைவர் கருகிய சுவிட்சைக் கையில் எடுத்தார்.

“அவர் ட்யூனருக்குன்னு சேர்த்து வச்சிருந்தது. எடுத்து உங்களோடதுல மாட்டிட்டார்.”

“இதை என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா! அத்தனை பேர் முன்னாடி நான் அவனை...”

“ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து அழுதார்ணே. அப்பவாவது இதை எடுத்துட்டுப் போய்க் காட்டுங்கன்னு சொன்னேன். ‘பட்டனை அழுத்திக்கிட்டுத் திருகாதீங்கன்னு சொல்லித் தர்ற மனுஷனே அதைச் செஞ்சார்னு தெரிஞ்சா, அடுத்த ஞாயிறு வகுப்புல அவர் எப்படித் தலை நிமிர்ந்து நிப்பார்?’னு என்னையே திட்டிட்டார்.”