முகவரியின் வால்

குளித்துவிட்டு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவளுடைய லேப்டாப்பின் முன்னால் மாமியார்!

"அத்தை, அதுல என்ன பண்றீங்க?"

"கண் டாக்டரைப் பார்க்கணும்மா. நீ செஞ்சியே, அந்த ஆஸ்பத்திரி வெப்சைட்... அதுல பதிவு பண்ணலாம்னு பார்த்தேன்." மாமியார் அவள் முகத்தைப் பார்க்காமலே மூடியைச் சாத்தினார். "எனக்கெங்க இதெல்லாம் வருது! அப்புறம் பார்த்துக்கிறேன்."

மாமியார் எழுந்து போனதும் லேப்டாப்பைத் திறந்தாள்.

அந்த வெப்சைட்டின் முதல் பக்கம் பெயரையும், எந்த டாக்டர் என்பதையும் கேட்கும். 'அடுத்து' என்று தட்டினால், அந்த இரண்டையும் வெப்சைட் முகவரியின் வாலில் ஒட்டிக்கொண்டு அடுத்த பக்கம் திறக்கும். நாளும் நேரமும் அங்கேதான் குறிக்க வேண்டும். அப்படி ஒட்டி அனுப்புகிற ஸ்கிரிப்டை எழுதியதே அவள்தான்.

போன வாரம் அவள் பதிவு செய்தபோது திறந்த முகவரியை, வாலோடு சேர்த்து பிரவுசர் ஞாபகம் வைத்திருந்தது. மாமியார் ஓரெழுத்து தட்டியிருக்கிறார். அது பழசை எடுத்து நீட்டிவிட்டது. திரையில் கொட்டை எழுத்தில் அவள் பெயர். கீழே, மார்பக சிகிச்சை டாக்டர். நாள் மட்டும் காலி.

மார்பில் சின்னதாக ஒரு கட்டி. கையில் தட்டுப்பட்டதிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. வெளியூரில் வேலையாக இருக்கும் கணவனிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வருவான்.

மாமியார் இனி நாத்தனாருக்குச் சொல்வார். நாத்தனார் ஊருக்கே சொல்லுவாள்!

போனில் தோழியிடம் பொருமித் தீர்த்தாள். "ஒளிஞ்சு பார்க்கிறது என்னடி பழக்கம்? பார்த்துட்டு, ஒண்ணுமே தெரியாத மாதிரி மூடி வைக்கிறாங்க!"

"காட்டிக்கொடுத்தது உன் ஸ்கிரிப்ட்தானே?"

"அதை இன்னிக்கே மாத்திடுவேன். மாமியாரை மாத்த முடியுமா?"

மாமியார் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வியாழக்கிழமை, ஆபீசுக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பி, அங்கே இரண்டு மணி நேரம் தலைகாட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் அறைக்கு நேர் எதிர் நாற்காலியில் மாமியார் உட்கார்ந்திருந்தார்!

"நீங்க எங்க இங்க?"

"கண் டாக்டர்கிட்ட ஒரே கூட்டம்மா. இங்க கொஞ்சம் காத்தோட்டமா இருந்துச்சு..."

"பொய் சொல்லாதீங்க அத்தை. என்னை வேவு பார்க்கத்தானே வந்தீங்க?"

மாமியார் கையை நீட்டினார். "உன் பேரைத்தான் கூப்பிடறாங்க. பையை என்கிட்ட கொடுத்துட்டு உள்ளே போ."

உள்ளே ஸ்கேன் பார்த்த டாக்டர் சிரித்தார். "வெறும் நீர்க்கட்டி. ஊசியாலேயே எடுத்துடலாம். பயப்பட ஒண்ணுமே இல்லை."

வெளியே வந்தவளுக்குப் பேச்சுக்கு முன்னால் அழுகைதான் வந்தது.

"ஒண்ணுமில்லை அத்தை... வெறும் நீர்க்கட்டியாம்..."

"அப்பாடா!" மாமியார் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். "உன் புருஷனுக்கு நீயே சொல்லிக்கோ. நான் யார்கிட்டயும் மூச்சு விடலை."

அவளுக்கு எதையோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அப்படியே சாய்ந்திருந்தாள்.

அந்தப் பக்கமாக வந்த நர்ஸ் நின்று பார்த்தாள்.

"அம்மா, இவங்கதானா உங்க மருமகள்? நல்லவேளை, இன்னிக்காவது வந்தாங்க!" என்றவள், இவள் பக்கம் திரும்பினாள். "நீங்க என்னிக்கு வருவீங்கன்னு தெரியாதுன்னு, திங்கட்கிழமையிலேர்ந்து தினமும் காலையில வந்து இந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாங்க."