பூசணிக்காய் சைஸ் பந்து

மைதானத்துக் கம்பிவேலியின் நிழல் தம்பியின் சட்டையில் கட்டம் கட்டமாக விழுந்திருக்கிறது. பேஸ்பாலில் அவன் பேர்போன மட்டையடிக்காரன். "சாஃப்ட்பால் என்ன, பூசணிக்காய் சைஸ் பந்து. கண்ணை மூடிக்கிட்டு அடிப்பேன்" என்று மதியம் சாப்பாட்டு மேசையில் அளந்துவிட்டான். அதன் பலன், இப்போது சாஃப்ட்பால் அணியில் பந்து வீசும் அக்கா மஞ்சள் பந்தை இடுப்போரம் உருட்டியபடி எதிரே நிற்கிறாள். அவள் நிற்கும் தூரம், பேஸ்பாலில் அவனுக்குப் பழகிய தூரத்தில் முக்கால் பங்குகூட இல்லை. அவன் கண்கள் வழக்கம்போல அவள் தோளுக்கு மேலே கையைத் தேடுகின்றன. அந்தக் கையோ ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, தொடையை உரசிக்கொண்டு கீழிருந்து வருகிறது. பின்னால் குந்தியிருக்கும் அத்தானின் கையுறையில் பந்து பட்டென்று அறைந்த பிறகுதான் மட்டை சுழல்கிறது. "காத்து நல்லா வருது மாப்ள, இன்னொரு தடவை வீசு" என்கிறார் அத்தான். இரண்டாவது பந்து மேலெழும்புவதுபோல் வர, மட்டை அதற்கு அடியில் போகிறது. மூன்றாவது அவன் மூக்குக்கு நேரே பெரிதாகிக்கொண்டே வருகிறது. அலுமினிய மட்டையில் டிங்கென்று ஒரு சத்தம். பந்து அவன் காலடியில் உருண்டு, புழுதியில் ஒரு கோடு இழுத்துவிட்டு நிற்கிறது. அவன் மட்டையை உயர்த்தி அக்காவிடம் காட்டுகிறான். அவள் வந்து, பந்தை எடுக்கக் குனிந்தபடியே, குரலை உயர்த்தாமல் சொல்கிறாள்: "சொன்னபடியே அடிச்சுட்டடா, கண்ணை மூடிக்கிட்டு."