வாய் திறக்காதவர்

மனநல ஆலோசகராகப் படிக்கும் மாணவர்களுக்கு அன்று முதல் குழு சிகிச்சை. பிறருக்கு வைத்தியம் பார்க்குமுன் தாங்களே ஒருமுறை நோயாளியாக உட்கார வேண்டுமாம். நடத்துகிறவர் வாயே திறக்க மாட்டார் என்று சீனியர்கள் சொல்லியிருந்தார்கள். சொன்னபடியே ஒரு தாடிக்காரர் எல்லோருக்கும் முன்பே வந்து கம்மென்று உட்கார்ந்திருந்தார்.

கடைசியாக வந்த மாணவி அவரைப் பார்த்ததும் வாசலிலிருந்தே திரும்பி ஓடப் பார்த்தாள். ஒரு தோழி கையைப் பிடித்து இழுத்து, பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"விடுங்க, நான் போறேன். பயமா இருக்கு."

"யாரைப் பார்த்து?" கண்ணாடி போட்ட மாணவன் ஆர்வமாக முன்னால் சாய்ந்தான்.

அவள் தாடிக்காரரைக் காட்டினாள். "இவர்... என் வீட்டுக்காரர்..."

"அவர் மாதிரியே இருக்காரா? சூப்பர்! பாடத்துல படிச்சோமே, அதேதான். வீட்டுல இருக்கிற பயத்தை சார் மேல ஏத்திப் பார்க்கறீங்க."

"ஐயோ, இல்லைங்க! நான் தப்பிச்சு வந்து..."

"தப்பிச்சு ஓடறதுதாங்க உங்க பிரச்சினையே. இங்க உங்களை யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. உட்காருங்க."

தாடிக்காரர் மெல்லத் தலையசைத்தார். கண்ணாடிக்காரனுக்குப் பெருமை தாங்கவில்லை.

கதவைத் திறந்துகொண்டு ஓர் அம்மாள் மூச்சிரைக்க நுழைந்தார்.

"மன்னிச்சுக்கோங்க, லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன். நான்தான் உங்க குழுவை நடத்தப்போறவ." வட்டத்தைப் பார்த்தவர் புருவம் சுருக்கினார். "சார், நீங்க யாரு?"

தாடிக்காரர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

ஓடிவிடக் கூடாதே என்று அன்பாகப் பிடித்த கையைத் தோழி இன்னும் விடவில்லை.