மஞ்சள் பூசிய பசு

போன ஆடி அமாவாசையன்று, கோயில் கோசாலையில் சாணி அள்ளும் மரகதம் எனக்குச் சொன்ன கதை இது.

அங்கே கோமளம் என்று ஒரு பசு இருந்தாள். அமாவாசை, வெள்ளிக்கிழமை வந்தால் போதும், சர்க்கரைப் பொங்கலும் வாழைப்பழமும் வாளி வாளியாக வந்து இறங்கும். எதையும் அவள் வேண்டாம் என்றதில்லை. ஆறே மாதத்தில் அவள் தோல் செதில் செதிலாக உதிர ஆரம்பித்தது. அரிப்பு தாங்காமல் தூணில் உரசி உரசி ரத்தம் கசிந்தது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசினார்கள். ஆறவில்லை.

முதுகில் உண்ணி பொறுக்க வரும் மைனா ஒரு நாள் புண்ணை விட்டுத் தள்ளி உட்கார்ந்தது.

"அக்கா, இங்கே உண்ணியே இல்லை, புண்ணுதான் இருக்கு. உன் சாணியைப் பார்த்தியா? கஞ்சித் தண்ணியா ஓடுது, புளிச்ச நாத்தம் வேற. கோளாறு வயித்துல, பூச்சு முதுகுல!"

"தெரியும்டி" என்றாள் கோமளம்.

"தெரிஞ்சுமா திங்கிறே?"

"அதோ அந்தம்மா, பிள்ளைக்குக் காய்ச்சல்னு வேண்டிக்கிட்டு நிக்கிறாங்க. நான் மூஞ்சியைத் திருப்பினா, சாமியே திருப்பிக்கிட்டதா நெனச்சு அழுவாங்க."

"அதுக்காகச் சாகப் போறியா, மகாலட்சுமி?" மைனா கிண்டலாகத்தான் கேட்டது.

கோமளம் அந்த அம்மாவின் தட்டுக்கு வாயைக் கொடுத்தாள். சாயங்காலம் வயிறு உப்பிப் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. விவரம் தெரியாத அந்த அம்மா, அடுத்த வெள்ளிக்கிழமையும் பொங்கலோடு வந்து, பக்கத்துப் பசுவின் முன்னால் கண்ணை மூடி நின்றாள்.

உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். அடுத்த தடவை கோயில் மாட்டைப் பார்க்கப் போனால், ஒரு பிடி வைக்கோல் மட்டும் கொண்டு போங்கள்.